தோல் கழலை நோய் ஊருக்குள் வந்தது ஈயாலா, லாரியாலா?

பக்கத்து ஒன்றியத்தில் மாடுகளுக்குத் தோல் கழலை கண்டிருக்கிறது, எங்கள் ஊருக்கு எந்த வழியில் வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். தேதி சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவேட்டில் இருப்பது மருத்துவர் மாட்டைப் பார்த்த தேதி. அதை வைத்து வரைபடம் போட்டால், கால்நடை மருந்தகம் உள்ள ஊரில்தான் நோய் தொடங்கியதாகத் தெரியும். முதல் கட்டி எழும்பிய நாளைப் பிடியுங்கள். மாட்டுக்காரருக்கு நினைவில்லையா, கட்டியைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக உருண்டு, மேலே முடி சிலிர்த்து நின்றால் சில நாள்தான் ஆகியிருக்கும். நடுத்தோல் செத்துக் கறுத்து, ஓரம் பிரிந்து பொருக்கு கழன்றால் இரண்டு மூன்று வாரம் கடந்துவிட்டது. நோய் தொற்றிக் கட்டி எழும்ப அவ்வளவு நாள்கூட ஆகலாம் என்பதால், அந்த நாளிலிருந்து 28 நாள் பின்னால் போய், சந்தையில் பிடித்த மாடு, சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஓட்டி வந்த கன்று, வியாபாரியின் வண்டி என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

ரத்தம் உறிஞ்சும் தொழுவ ஈ, பாதி குடித்த நிலையில் விரட்டப்பட்டால் அடுத்த மாட்டில் போய் உட்காரும். வாயில் ஒட்டிய வைரஸ் அப்படித்தான் ஏறுகிறது. அதனால் ஈ வழிப் பரவல் மெதுவாகவே நகரும். பால்கன் நாடுகளில் பரவியபோது கணக்கிட்ட நடுவேகம் வாரத்துக்குச் சுமார் 7 கி.மீ. ஒரே வாரத்தில் 60 கி.மீ. தாண்டியிருந்தால் லாரியைத் தேடுங்கள்.

ஆனால் அவசரப்படக் கூடாது. இடையில் உள்ள ஊர்களை யாரும் போய்ப் பார்க்காததாலும் அந்த இடைவெளி வரும். தொற்றிய மாடுகளில் பலவற்றுக்குக் கட்டியே வராது. இடை ஊர்களில் காய்ச்சல் பாருங்கள், தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் மாட்டுக்கு ஈடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து உள்ள குழாய்) ரத்தம் எடுக்கலாம். ரத்தத்தில் வைரஸ் கொஞ்ச நாள்தான் இருக்கும், பொருக்கில் ஒரு மாதத்துக்கு மேலும் கிடைக்கும். பொருக்கை உலர்ந்த, சுத்தமான குழாயில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை கெட்டுவிடும்.

தடுப்பூசி முகாம் நடந்த தேதியையும் வரைபடத்தில் குறியுங்கள். முகாம் முடிந்து இரண்டு மூன்று நாளில் கட்டி வந்தால், மாட்டுக்கு முன்பே தொற்றியிருந்தது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, ஊசி போட்ட தெருக்களில் மட்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால், மாடு மாற்றி மாடு ஒரே ஊசியைக் குத்தினார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.