முதல் மேடையேற்றத்துக்குக் கைப்படச் செய்த பரிசு

இந்த முறை நாடகக் குழுக்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் போடும் ஓர் அமெச்சூர் குழுவின் செயலாளர் நான். எங்கள் புதிய நாடகம் அடுத்த மாதம் மேடையேறுகிறது. நடிகர்கள், ஒளி, ஒலி, ஒப்பனை, மேடைப் பொருள் பொறுப்பாளர்கள் என்று 24 பேர் இருக்கிறோம். மேல்நாட்டுக் குழுக்களில் முதல் நாளன்று ஒருவருக்கொருவர் சிறு பரிசுகள் கொடுத்துக்கொள்வார்களாம். நாங்களும் அதைச் செய்ய விரும்புகிறோம். கையில் இருப்பது 1,500 ரூபாய். கண்ணாடிக் கேடயம் போன்றவை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, சென்னை

பதில்: தலைக்கு 62 ரூபாய் 50 காசு வருகிறது. இந்தத் தொகைக்குக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பேனாவும் சாவிக்கொத்தும் எந்த அலுவலகத்தின் ஆண்டு விழாவிலும் கிடைக்கக்கூடியவை. அவற்றுக்கும் உங்கள் நாடகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இராது. எல்லோருக்கும் ஒரே பொருளைச் செய்துகொண்டு, அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றுவதுதான் என் யோசனை. இருபத்து நான்கு பேருக்கு இருபத்து நான்கு விதமான பொருள் செய்யப் புறப்பட்டால், ஒத்திகையின் கடைசி வாரத்தில் நீங்கள் பசையும் கத்தரியுமாக வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே பிராம்ட் கொடுக்க, அதாவது மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்க, ஆள் இருக்காது.

பொதுப் பொருளாகச் சட்டைப்பைக்குள் அடங்கும் கையால் தைத்த குறிப்பேட்டைப் பரிந்துரைக்கிறேன். நடிகர்களும் பின்னரங்கத்தாரும் ஒத்திகைதோறும் எதையாவது குறித்துக்கொண்டே இருப்பவர்கள் என்பதால், அது அலமாரிக்குப் போகாது. ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் ஏறக்குறைய 15 செ.மீ. உயரமும் 10.5 செ.மீ. அகலமும் உள்ள ஏடு கிடைக்கும். இப்படி மடித்த எட்டுப் பாதிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 32 பக்கங்கள். ஒரு குறிப்பேட்டுக்கு நான்கு ஏ4 தாள், 24 பேருக்கு 96 தாள். 500 தாள் கொண்ட ஒரு ரீமில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவாகும் என்பதால், உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் 100 தாளாக வாங்கிக்கொண்டாலே போதும். கொஞ்சம் தடித்த, பழுப்பு சாயலுள்ள தாள் வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பார்க்கலாம்.

அட்டைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் எறியவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இதற்கென்றே செய்தவை போன்ற கனமுள்ளவை. விரித்த நிலையில் 15 செ.மீ.க்கு 21 செ.மீ. வரக்கூடிய பத்திரிகைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அச்சுள்ள பக்கம் உள்ளே போகும்படி மடித்து, அதன் மேல் உங்கள் நாடகச் சுவரொட்டித் தாளை ஒட்டிவிடுங்கள். பிள்ளையார் படத்தின் மேல் கத்தரி படுவதைக் குழுவில் சிலர் விரும்ப மாட்டார்கள். அந்தப் பகுதியை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

தைப்பதற்கு மூன்று துளைகள் போதும். மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. தாள்களையும் அட்டையையும் ஒன்றாக விரித்து, அடியில் பழைய செய்தித்தாளைத் தடிமனாக வைத்துக் குத்தூசியால் துளையிடுங்கள். மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்த தடித்த நூல், ஏட்டின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 40 செ.மீ. வேண்டும். உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல் துளை வழியாக உள்ளே போய், நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளை வழியாக வெளியே வந்து, மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே நுழைய வேண்டும். நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீண்ட நூலின் இரு பக்கங்களிலும் அமையும்படி வைத்து முடிச்சுப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அவிழாது. ஒன்றுக்குள் ஒன்று செருகியதால் நடுத்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை வீட்டில் கத்தரியால் சரிசெய்ய முயலாமல், அத்தனை ஏடுகளையும் உங்கள் அழைப்பிதழ் அச்சடித்த அச்சகத்துக்கே கொண்டுபோய் வெட்டு எந்திரத்தில் ஓரம் வெட்டித் தரச் சொல்லுங்கள். சில நிமிட வேலை அது. பார்வைக்குக் கடைச் சரக்கின் நேர்த்தி வந்துவிடும்.

இனி ஆளுக்கு ஆள் மாறும் பகுதி. ஒத்திகைப் பிரதியில் அந்த நடிகர் முதன்முதலில் வாய் திறக்கும் இடத்திலிருந்து ஏழெட்டு வரிகளை நகலெடுத்து முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒளியமைப்பாளருக்கு அவருடைய முதல் ஒளி மாற்றம் வரும் இடம், திரை இழுப்பவருக்குத் திரை விழும் வசனம், ஒப்பனையாளருக்கு அவருடைய கைவண்ணம் அதிகம் வெளிப்படும் பாத்திரத்தின் நுழைவு என்று தேர்ந்தெடுக்கலாம். அதன் கீழே ஒரே ஒரு வரியைக் கையால் எழுதுங்கள். 'வெற்றி பெற வாழ்த்துகள்' என்பது யாருக்கும் எழுதக்கூடியது. அதனால் யாருக்கும் எழுதாததற்குச் சமம். மேடைப் பொருள் பார்ப்பவருக்கு, 'இரண்டாம் காட்சிக்கான கூஜாவை ஒரு நாள்கூட நாங்கள் தேடியதில்லை' என்று எழுதினால், அவர் செய்த வேலையை யாரோ கவனித்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இந்த வரிகளுக்குத்தான் அதிக நேரம் ஆகும். ஆகவே தைப்பதைப் பிறரிடம் பகிர்ந்து கொடுத்துவிட்டு எழுதுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். செட்டு ஏற்றிவரும் டெம்போக்காரர், அரங்கத்தின் மின்பணியாளர், ஒத்திகைக்கு மாடியை இலவசமாகக் கொடுத்த வீட்டுக்காரர் ஆகியோர் பெரும்பாலும் இத்தகைய பட்டியல்களில் விடுபடுகிறார்கள். பெயர் எழுதாத மூன்று நான்கு ஏடுகளை உபரியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கேற்ப 100 தாளுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் ஆள் மாறுவது அமெச்சூர் குழுக்களில் வழக்கம்தானே.

குறிப்பேடு வேண்டாம் என்று தோன்றினால், ஒப்பனைச் சாமான் போட்டுக்கொள்ளும் சுருக்குப் பை தைக்கலாம். 36 அங்குல அகலமுள்ள காடா துணியில் ஒரு மீட்டருக்கு, 6 அங்குலத்துக்கு 17 அங்குலத் துண்டுகளாகப் பன்னிரண்டு வரும். காடா முதல் நனைப்பில் சுருங்கும் என்பதால் கால் மீட்டர் கூடுதலாக வாங்கி, துவைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். உடை தைத்ததில் மிஞ்சிய துணியில் ஒரு பட்டையை வாய்ப்புறத்தில் வைத்துத் தைத்தால் அது இந்த நாடகத்தின் பையாகிவிடும்.

கேள்வி: நாடகம் தொடங்குவதற்கு முன் பரிசு, பேச்சு என்று ஆரம்பித்தால் நடிகர்களின் மனம் சிதறும் என்கிறார் எங்கள் இயக்குநர். எப்போது கொடுப்பது சரி?
– வாசகர், மதுரை

பதில்: இயக்குநர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரிதாரம் பூசிய கையோடு காகிதப் பொருளை வாங்கினால் அது அங்கேயே கறைபடும். ஒப்பனை முடிந்து வசனத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு நிறுத்துவதும் தவறு. நாடகம் முடிந்த பிறகோ உறவினரும் நண்பர்களும் மேடைக்குள் புகுந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் சிறு பொருள் காணாமல் போகும்.

பெரும்பாலான குழுக்களில் முதல் நாள் மாலை, ஒப்பனைக்கு உட்காரும் முன்பாக, சூடம் ஏற்றி ஒரு சிறு பூஜை நடக்கும். எல்லோரும் ஒரே இடத்தில், கழுவிய முகத்தோடு நிற்கும் நேரம் அது ஒன்றுதான். பூஜை முடிந்ததும் யாரும் பேசாமல், பெயரட்டை வைத்த தட்டிலிருந்து அவரவர் எடுத்துக்கொள்ளும்படி செய்துவிடுங்கள். பிரித்துப் படிப்பதை அவரவர் வசதிக்கு விட்டுவிடலாம். பூஜை வழக்கமில்லாத குழுவென்றால், முந்தின நாள் முழு ஒத்திகை முடிந்ததும் கொடுத்துவிடலாம்.

மினுமினுப்புத் தூள், கடுமையான வாசனைப் பொருள், உடைந்தால் சில்லாகும் கண்ணாடி ஆகிய மூன்றும் ஒப்பனை அறைக்குள் வரவே கூடாது. ஒட்டிக்கொண்ட மினுக்குத் தூள் மேடை வெளிச்சத்தில் எமனின் கன்னத்திலும் மின்னும்.

கேள்வி: தொண்டைக்கு இதமான ஏதாவது ஒன்றை ஓலைப் பெட்டியில் போட்டுக் கொடுக்க நினைக்கிறோம். சரியா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: பனை ஓலைக் கொட்டான் உங்கள் பக்கத்துப் பொருள், பின்னத் தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். உள்ளங்கையளவுக் கொட்டானில் பனங்கற்கண்டும் நான்கைந்து மிளகும் போதும். அதிமதுரத் துண்டு வைப்பதாக இருந்தால், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை அதிகம் மெல்லக் கூடாது என்பதைச் சீட்டில் எழுதிவிடுங்கள். மாவு உதிரும் இனிப்பும் பொரிவகையும் முதல் நாளுக்கு ஆகாதவை. வசனத்தின் நடுவே ஒரு துணுக்கு தொண்டையில் சிக்கினால் இருமலை அடக்க வழியில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் 30 மாணவர்கள் நடிக்கிறார்கள். அவர்களே செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும்படி ஒரு பொருள் சொல்ல முடியுமா?
– நாடக ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: காகிதக்கூழில் கட்டைவிரல் உயரச் சிறு முகமூடிப் பதக்கங்கள் செய்யச் சொல்லுங்கள். செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் அரைத்து, துணியில் பிழிந்து, ஊறவைத்து அரைத்த வெந்தய விழுதோடு பிசைய வேண்டும். முறத்துக்கும் கூடைக்கும் நம் பாட்டிமார் பூசிய கலவை இதுதான். வெந்தயம் பசையாகவும் இருக்கும், பூச்சியையும் அண்டவிடாது. சுவரொட்டிப் பசையில் கலக்கும் மயில்துத்தம் நச்சுப்பொருள் என்பதால், குழந்தைகள் கைபடும் எதிலும் அதைச் சேர்க்க வேண்டாம். கூழை மெல்லிய வில்லையாகத் தட்டி நிழலில் உலர்த்துங்கள். தடித்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். காய்ந்தபின் சுண்ணக்கட்டித் தூளைப் பசையில் குழைத்து ஒரு பூச்சுக் கொடுத்து, அதன் மேல் போஸ்டர் கலர் தீட்டலாம்.

யார் யாருக்குச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தோழிக்குத் தோழி என்று விட்டுவிட்டால், மரமாகவும் அலையாகவும் நிற்கும் குழந்தைக்குப் பதக்கம் கிடைக்காமல் போகும். செய்யப்படும் முகம், பெறுபவர் நடிக்கும் பாத்திரத்தின் முகமாக இருக்கட்டும். மரத்துக்கும் கண், மூக்கு வைப்பதில் குழந்தைகளுக்குச் சிரமம் இருக்காது.

கேள்வி: மாலையும் பொன்னாடையும் நம்மிடம் இருக்கும்போது, எங்கிருந்தோ வந்த இந்தப் பரிசு வழக்கம் எதற்கு?
– மூத்த நாடகக் கலைஞர், தஞ்சாவூர்

பதில்: பொன்னாடை வெளியிலிருந்து ஒருவர் வந்து மேடையில் நிற்பவருக்குப் போர்த்துவது, அதைப் பெறுபவர் பெரும்பாலும் கதாநாயகரும் இயக்குநரும்தான். இங்கே பேசப்படுவது குழுவுக்குள்ளேயே, திரைக்கு இந்தப் பக்கம் நடப்பது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்காது என்பதால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த வழக்கத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் நியூயார்க்கில் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயைச் சேர்ந்தது. 1950-இல் அங்கே இசை நாடகக் குழுநடனக் கலைஞர் ஒருவர், தமக்குக் கிடைத்த ஒரு சாதாரண வீட்டு அங்கியை வேறொரு நாடகத்தின் முதல் நாளன்று அதில் ஆடிய நண்பருக்கு அனுப்பி வைத்தார். அந்த நண்பர் தம் நாடகத்தின் அலங்காரப் பொருள் ஒன்றை அதில் தைத்து அடுத்த நாடகத்துக்கு அனுப்ப, அது அப்படியே தொடர்ந்து இன்றுவரை நடக்கிறது. குழுநடனக் கலைஞர்களில் அதிக பிராட்வே நாடகங்களில் பங்கேற்றவர் யாரோ, அவருக்குத்தான் அங்கி போகும். அந்த இரவின் நட்சத்திர நடிகருக்கு அதில் உரிமை கிடையாது. அதை அணிந்தவர் திரை உயர்வதற்கு முன் மேடையை மூன்று முறை வலம் வர, மற்றவர்கள் கை நீட்டி அங்கியைத் தொடுவார்கள். இடம் நிரம்பியதும் அந்த அங்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, புதிய அங்கியைத் தொடங்குகிறார்கள்.

உங்கள் குழுவிலும் ஒரு வெள்ளை அங்கவஸ்திரத்தை இப்படித் தொடங்கலாம். ஒவ்வொரு நாடகத்தின் உடைத்துணியிலிருந்தும் ஒரு விரற்கடைத் துண்டை அதில் தைத்து, நாடகத்தின் பெயரையும் முதல் மேடையேற்றத் தேதியையும் நூலால் எழுத வேண்டும். செலவு முதல் முறை மட்டும்தான். அதை முதலில் யாருக்கு அணிவிப்பது என்று கேட்டால், முக்கிய வேடமே கிடைக்காமல் அதிக ஆண்டுகள் குழுவில் இருப்பவர் யாரென்று பாருங்கள். அடுத்த நாடகம் வரை துணி அவர் வீட்டிலேயே இருக்கலாம். பீரோவில் வைக்கும்போது இரண்டு வசம்புத் துண்டும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.