நாக்கைப் பிடுங்கி நாடு கடத்தப்பட்ட மணி

கேள்வி: ரஷ்யாவில், வோல்கா கரையிலுள்ள உக்ளிச் என்ற சிற்றூரில் ஒரு தேவாலய மணியைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்களாமே, ஏன்?

பதில்: 1591 மே 15 அன்று, ரஷ்ய மன்னர் (ஜார்) ‘பயங்கர’ இவானின் கடைசி மகன் திமித்ரி, எட்டு வயதுப் பையன், அங்குள்ள அரண்மனை முற்றத்தில் கழுத்தில் கத்திக் காயத்துடன் இறந்து கிடந்தான். மணியை விடாமல் அடித்தார்கள். திரண்ட ஊர், இது கொலைதான் என்று நம்பி, மாஸ்கோவின் அதிகாரி மிகயீல் பித்யகோவ்ஸ்கியையும் இன்னும் பலரையும் கொன்றுவிட்டது. அப்போது ஆட்சி நடத்தியவர் போரிஸ் கொதுனோவ். ஊர்க்காரர்கள் பலர் சைபீரியாவுக்குத் துரத்தப்பட்டார்கள். கூட்டம் கூட்டிய மணிக்கும் அதே தண்டனை. நாக்கைப் பிடுங்கி, ஒரு காதை அறுத்து, தோபோல்ஸ்க் நகருக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் 12 சவுக்கடி கொடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு.

கேள்வி: மணிக்கு ஏது காது?

பதில்: அண்டாவுக்கு இருப்பதுபோலத்தான். மணியின் உச்சியில் சேர்த்தே வார்த்த வளையங்கள் அவை. உத்திரத்தில் மாட்டுவது அவற்றால். ரஷ்யர்களும் காது என்றே சொல்கிறார்கள். உள்ளே தொங்கும் தண்டு அவர்களுக்கும் நாக்குதான். மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் மணியையே ஊசலாட்டுவார்கள். ரஷ்யாவில் மணி அசையாது. கயிறு கட்டி நாக்கை இழுத்து விளிம்பில் மோதவிடுவார்கள். ஆகவே நாக்கு போனால் மணி ஊமை. இது சுமார் 320 கிலோ எடை. ஒரு காது போனாலும் மற்றவை பாரம் தாங்கும். காதறுத்தது அவமானப்படுத்தத்தான்.

கேள்வி: சிறுவனைக் கொன்றது கொதுனோவா?

பதில்: தீர்ந்தபாடில்லை. நிலத்தில் கத்தி எறிந்து குத்தவைக்கும் ‘தீச்கா’ ஆட்டத்தின்போது வலிப்பு வந்து, தன் கத்தியே பாய்ந்தது என்றது வசீலி ஷூய்ஸ்கி தலைமையிலான விசாரணை. கூட ஆடிய நான்கு சிறுவர்களின் சாட்சியமும் அதுதான். அதே ஷூய்ஸ்கி 1606-இல் ஜார் ஆனதும் ‘கொலை’ என்று மாற்றிச் சொன்னார். திமித்ரி புனிதராக அறிவிக்கப்பட்டான். ஷூய்ஸ்கியின் வாக்கை எந்தப் பக்கத்துக்கும் ஆதாரமாக எடுக்கக் கூடாது. சிறுவர்கள் சொன்னதற்குத்தான் கனம் அதிகம். அதுவும் ஷூய்ஸ்கி குழுவின் முன் சொன்னது என்பதை மறக்கலாகாது.

கேள்வி: அந்த மணி இப்போது எங்கே?

பதில்: உக்ளிச்சிலேயே. ஊரார் விடாமல் கேட்டு 1892-இல் மீட்டார்கள். திமித்ரி இறந்த இடத்தில், ஆற்றங்கரையில் 1692-இல் கட்டி முடித்த செந்நிறத் தேவாலயத்துக்குள் இருக்கிறது. நீலக் குவிமாடங்களில் பொன் விண்மீன்கள், படகிலிருந்தே தெரியும். 1677-இல் தோபோல்ஸ்க்கில் பிடித்த தீயில் பழைய மணி உருகிவிட்டது, இது பிறகு வார்த்தது என்று வாதிடுவோரும் உண்டு. உக்ளிச் மக்களுக்கு இதுதான் அந்த மணி.