டக் படகில் டிவி பார்க்க, பழைய டூமை எடுத்துவிட்டு சாட்டிலைட் இணையம் போடலாமா?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம், கரிமுன், சில சமயம் மலேசியாவின் பிந்துலு வரை பார்ஜ் (சரக்கு மிதவை) இழுத்துப் போகும் டக் படகு. மெஸ் ரூமில் ஒரு டிவி, மேலே பழைய சாட்டிலைட் டிவி டூம். டூம் இப்போது பழுது. ரிப்பேர் செய்வதா, இல்லை ஸ்டார்லிங்க் மாதிரி சாட்டிலைட் இணையத்துக்கு மாறி டிவியையும் அதிலேயே ஓட்டுவதா? அதன் செலவை ஆட்களிடம் வாங்கலாமா என்றும் முதலாளி யோசிக்கிறார்.

மாறிவிடுங்கள். சிங்கப்பூரில் பெஞ்சூரு, துவாஸ் பக்கம் படகுகளில் ரேடார், விஎச்எஃப் ரேடியோ, ஆன்டெனா மாட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "புதுசு போட்டும் டிவி நின்று நின்று ஓடுகிறது" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலும் சாமானில் ஒரு கோளாறும் இருக்காது, அதை வைத்த இடம்தான் தப்பாக இருக்கும்.

முதலில் டூமை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அந்த வெள்ளைக் கூட்டுக்குள் ஒரு டிஷ், அதைத் திருப்ப மோட்டார், பெல்ட், படகின் ஆட்டத்தை உணர கைரோ என்று எல்லாமே அசைகிற பாகங்கள். டிவி சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல நிற்கும், படகு எப்படி உருண்டாலும் டிஷ் அதையே பார்த்தபடி இருக்க வேண்டும். பார்ஜ் இழுக்கிற படகில் நாள் முழுக்க ஆட்டம்தான், பெல்ட் தேயாமல் என்ன செய்யும். அவ்வளவு செலவு செய்து சரிபண்ணினாலும் அது டிவியை மட்டும்தான் தரும், ஊருக்கு ஒரு வீடியோ கால் போட உதவாது. புது வகைத் தட்டை ஆன்டெனாவில் மோட்டார் சுற்றுகிற வேலையே இல்லை. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற சாட்டிலைட்டுகளை மின்னணு முறையிலேயே ஒன்று விட்டு ஒன்று பிடித்துக்கொள்ளும். தூரம் குறைவு என்பதால் பேச்சிலும் இழுவை தெரியாது. பழைய வகைக் கப்பல் இணையத்தில் கேட்டது போய்ப் பதில் வர அரை வினாடிக்கு மேல் ஆகும், படம் பார்ப்பவருக்கு அது பொருட்டில்லை, ஆனால் பிள்ளையோடு பேசுகிறவருக்கு நன்றாகவே தெரியும்.

மழைக்கு மட்டும் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். டூமும் சரி, இந்தத் தட்டை ஆன்டெனாவும் சரி, வேலை செய்வது ஏறக்குறைய ஒரே அலைவரிசையில்தான், கேயு பேண்ட். விடியற்காலையில் சுமத்ரா காற்று கறுத்துக்கொண்டு வந்து அடிக்கும்போது இரண்டுமே சிறிது நேரம் தடுமாறும்.

சரி, இடம். இதைத்தான் எல்லாரும் அலட்சியமாக விடுகிறார்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கிறது, அதனால் அந்த டிவி சாட்டிலைட்டுகள் நிற்கும் வளையம் கிழக்கு மேற்காக நம் தலைக்கு மேலேயே போகிறது. தாழ்வாக ஓடும் இணையச் சாட்டிலைட்டுகள் அந்த வளையத்துக்கு இடைஞ்சல் கொடுக்கக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. ஆகவே நம் பக்கத்தில் தட்டை ஆன்டெனா உச்சி வானத்தில் ஒரு பட்டையை விட்டுவிட்டு, வடக்கிலும் தெற்கிலும்தான் சாட்டிலைட் தேடும். ஐரோப்பாவில் படகு வைத்திருப்பவர் யூடியூபில் "தலைக்கு மேலே வானம் தெரிந்தால் போதும்" என்று சொல்வது இங்கே எடுபடாது. போதாததற்கு அந்த இணையச் சாட்டிலைட்டுகளில் பெரும்பங்கு பூமத்திய ரேகைக்கு 43, 53 பாகைச் சாய்வில் சுற்றுகின்றன, அந்த அட்சரேகைகளின் பக்கம் நெருக்கமாகவும் நம் ஊருக்கு மேலே இடைவெளி விட்டும் இருக்கும். எனவே இங்கே ஒரு மாஸ்ட் (படகின் கம்பம்) மறைத்தால் அதன் பாதிப்பு அதிகம்.

படகு எந்தத் திசைக்கும் திரும்பும் என்பதால் வடக்கு தெற்கு என்று குறித்து வைக்க முடியாது, சுற்றிலும் திறப்பு வேண்டும். வீல்ஹவுஸுக்கு மேலே மங்கி ஐலண்ட் என்கிற மேல்தளத்தில் ஒரு குழாய் நட்டு, ரேடார் ஸ்கேனர் சுழலும் மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ தள்ளி வையுங்கள், ரேடார் கதிர் நேராக அதன்மேல் அடிக்கக் கூடாது. மேக்னடிக் காம்பஸ் அங்கேதான் இருக்கும், அதிலிருந்தும் தள்ளி. ஃபனலுக்கு (புகைபோக்கிக்கு) பின்னால் காலி இடம் இருக்கிறதே என்று வைக்காதீர்கள், டீசல் கரியும் உப்பும் சேர்ந்து பிசினாகப் படிந்துவிடும். எங்கே வைத்தாலும் டெக் கழுவும்போது நல்ல தண்ணீரை அதன்மேலும் ஊற்றிவிடச் சொல்லுங்கள்.

ஒருமுறை கிழக்கு ஆங்கரேஜில் (கப்பல்கள் நங்கூரமிடும் இடத்தில்) டேங்கர் ஒன்றின் பக்கத்தில் கட்டியிருந்த டக்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். டேங்கரின் இரும்புச் சுவர் வடக்குப் பக்கத்தை முழுக்க அடைத்து நின்றது. போனில் ஸ்டார்லிங்க் ஆப்பைத் திறந்தால், வானத்தைக் காட்டும் வட்டத்தில் பாதி சிவப்பு, அதாவது மறைப்பு. டிவியில் ஓடிய பழைய படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, அதே நேரத்தில் பக்கத்தில் ஒருவர் போனில் பார்த்த நேரலைக் கிரிக்கெட் ஓவருக்கு ஒரு தடவை உறைந்தது. காரணம் எளிது: பதிவான படத்தை ஆப் முன்கூட்டியே கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளும், சில வினாடி இணைப்பு அறுந்தாலும் கையிருப்பில் ஓடும். நேரலையில் அந்தக் கையிருப்பு மிகக் குறைவு. பெரிய கப்பல் பக்கத்தில் கட்டும் நாட்களில் மேட்ச் இப்படித்தான் இருக்கும் என்று ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், உங்கள் மேல் கோபம் வராது.

அடுத்தது டேட்டா. கடலுக்கான திட்டங்கள் ஜிபி கணக்கில் வரும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். 50 ஜிபி எடுத்தால் மெஸ் ரூம் டிவி மட்டுமே எச்டியில் பதினாறு மணி நேரத்தில் காலி செய்துவிடும், ஊருக்குப் பேச மிச்சம் இருக்காது. ஸ்டார்லிங்கோடு வரும் ரௌட்டரை நம்பாமல், டேட்டாவைப் பிரித்துக் கொடுக்கும் வசதியுள்ள தனி ரௌட்டர் ஒன்று போடுங்கள். டிவிக்கு ஒரு வைஃபை, அதன் வேகம் 3 எம்பிபிஎஸ் தாண்டாதபடி. 720பி படத்துக்கு அது போதும், மெஸ் ரூம் டிவி அளவில் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆட்களின் போனுக்கு இன்னொரு வைஃபை, தலைக்கு இத்தனை ஜிபி என்று. படகு வேலைக்கு, சீஃபின் கம்ப்யூட்டருக்கு, மூன்றாவது. போன்கள் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தச் சொல்லுங்கள், டிவி பார்த்ததைவிட அதில் போன டேட்டா அதிகம் என்ற படகுகளும் உண்டு. படங்களைக் கரையில் வைஃபை கிடைக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

மின்சாரம் பெரிய விஷயமில்லை, சாதாரணத் தட்டை ஆன்டெனா 75 முதல் 100 வாட் வரை எடுக்கும். ஆனால் ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு நொடி விளக்கு கண் சிமிட்டும் அல்லவா, அப்போது இது அணைந்து திரும்ப எழுந்துவர சில நிமிடங்கள் ஆகும். சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் ஆப்கள். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை இணைப்பின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் அவை முடிவு செய்யும். உங்கள் டேட்டா எங்கே தரையிறங்குகிறதோ அந்த நாடாகக் காட்டலாம், படகு நிற்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் எடுத்த ஹாட்ஸ்டார் சந்தா இங்கே ஓடாது. சிங்கப்பூரின் மீவாட்ச் ஆப்பில் சில நிகழ்ச்சிகள் சிங்கப்பூருக்குள் மட்டும்தான். அதனால் ஒரு வருடச் சந்தா கட்டுவதற்கு முன், படகின் வைஃபையிலேயே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

சிங்கப்பூரின் தமிழ் சேனலான வசந்தம் பார்க்க இணையமே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 தொடக்கத்தில் இங்கே பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியதிலிருந்து எல்லாம் டிவிபி-டி2 என்கிற டிஜிட்டல் ஒளிபரப்புதான். மாஸ்டில் ஒரு யுஎச்எஃப் ஆன்டெனாவும் டிவியில் அந்த ட்யூனரும் இருந்தால், கரைக்கு அருகில் நிற்கும்போது வசந்தம், சிஎன்ஏ எல்லாம் இலவசம், ஒரு ஜிபியும் செலவாகாது. டூமைக் கழற்றுகிறவர் கூடவே அதையும் பிடுங்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். வீட்டுக்கான பெட்டியை எங்கிருந்தோ வாங்கி மாட்டாதீர்கள், கப்பலுக்கான திட்டத்தை ஐஎம்டிஏ (சிங்கப்பூரின் தொலைத்தொடர்பு ஆணையம்) விதிகள் தெரிந்த விற்பனையாளரிடம் எடுங்கள். மலேசியாவில் 2023-லும் இந்தோனேசியாவில் 2024-லும் ஸ்டார்லிங்க் தொடங்கிவிட்டாலும், கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் அந்தந்த நாட்டு விதிதான், உங்கள் திட்டம் அங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எப்போதாவது படகை இந்தியாவுக்கு டெலிவரி கொண்டுபோனால் இன்னும் கவனம், அங்கே அனுமதி இல்லாத சாட்டிலைட் சாதனங்களைக் கடுமையாகப் பார்ப்பார்கள், ஏஜென்ட்டிடம் கேட்காமல் இயக்க வேண்டாம்.

செலவை ஆட்களின் தலையில் கட்டலாமா என்று முதலாளி யோசிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கடலோடிகளுக்கான எம்எல்சி 2006 உடன்படிக்கையில் 2022-ல் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. கப்பலில் ஆட்கள் வீட்டோடு பேசத் தொடர்பு வசதி தர வேண்டும், இயன்றவரை இணையமும் தர வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்கிறது அது. சிங்கப்பூர் 2011-லேயே அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு, உங்கள் படகு போவதோ வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கு. மாதக் கட்டணத்தைக் கம்பெனி கட்டட்டும், கூடுதல் ஜிபி வேண்டும் என்கிறவர் மட்டும் அதற்குக் கொடுக்கட்டும் என்று கேப்டனை முன்னே வைத்துக்கொண்டு பேசுங்கள், அந்தத் திருத்தத்தின் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.