கினாபாத்தாங்கான் ஆற்றில் படகுப் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றைப் பற்றி வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான். அவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: எந்த மாதம் போகலாம்? (கோவை)

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிசம்பர், ஜனவரியில் ஆறு கரைபுரண்டு, காட்டு நடைபாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். விலங்குகள் அப்போதும் இருக்கும், நனையத் தயாராக இருந்தால் போங்கள்.

கே: ஒரு இரவுதான் தங்குகிறோம். யானையும் ஒராங்குட்டானும் நிச்சயம் என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா? (மதுரை)

நிச்சயம் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். ஒராங்குட்டான் வருவது எந்த அத்திமரம் பழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. யானைக் கூட்டம் இன்று ஆற்றோரத்துச் சுக்காவ் கிராமத்தின் பக்கம் இருக்கும், அடுத்த வாரம் எங்கேயோ இருக்கும். மூன்று இரவாவது தங்குங்கள். காலை 6 மணிப் படகு, மாலை 4 மணிப் படகு இரண்டையும் தவறவிடாதீர்கள். மூக்குக் குரங்கைப் பார்க்க மாலைதான் நல்ல நேரம், தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும்.

கே: குரங்குகளுக்கு வாழைப்பழம் கொண்டுபோகலாமா? (ஈரோடு)

கூடாது. மூக்குக் குரங்கின் வயிறு இலையையும் காயையும் நொதிக்க வைத்துச் செரிப்பது. இனிப்பான பழம் உள்ளே போனால் வாயு சேர்ந்து வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கே: யானைகள் ஆற்றில் நீந்திக் கடந்தன. படகோட்டி தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் பக்கத்தில் போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (சென்னை)

கேட்கக் கூடாது. அவருக்கு நீங்கள் கூடுதலாக அல்லவா கொடுத்திருக்க வேண்டும்!

ஒரு படகு நெருங்கினால் பின்னாலேயே பத்துப் படகு வரும். யானைக் கூட்டம் ஏற வேண்டிய கரையை மறித்துக்கொண்டு நிற்கும். குட்டியோடு வரும் தாய் நடு ஆற்றிலிருந்து திரும்பிவிடும். நீந்திக் களைத்த குட்டி மறுபடியும் அவ்வளவு தூரம் நீந்த வேண்டும். இதே ஆற்றில்தான் உவர்நீர் முதலைகளும் இருக்கின்றன. இவ்வளவும் எதற்கு? போனில் யானை கொஞ்சம் பெரிதாகத் தெரிவதற்கு.

படகோட்டிகளுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். பலர் ஆற்றோரக் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் பின்னாலிருந்து “இன்னும் பக்கத்தில், இன்னும் பக்கத்தில்” என்று ஐந்து பேர் கத்தினால், டிப்ஸ் போய்விடுமே என்று அவர்களும் இறங்கி வந்துவிடுகிறார்கள். உங்கள் படகோட்டி இறங்கி வரவில்லை, நல்லவர். மெனாங்குல் போன்ற சிற்றாறுகளில் இந்த நெரிசல் இன்னும் மோசம். 8×42 பைனாக்குலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், படகோட்டியை விரட்டாதீர்கள்.

கே: மழைக்காடு என்றார்கள். சண்டாக்கான் நகரிலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டியில் வந்தோம், வழியெல்லாம் செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டம். ஏமாற்றமா? (பினாங்கு)

ஏமாற்றம்தான், ஆனால் உங்களை ஏமாற்றியவர் லாட்ஜ்காரர் இல்லை. 2005இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் சுமார் 26,000 ஹெக்டேர்தான், அதுவும் ஆற்றை ஒட்டிப் பத்துத் துண்டுகளாகக் கிடக்கிறது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் தோட்டம், நடுவே ஒரு கீற்று காடு. படகில் உட்கார்ந்தபடியே இத்தனை விலங்குகள் கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம், அவற்றுக்கு ஒதுங்க வேறு இடமில்லை. யானை ஆற்றைக் கடந்துதான் அடுத்த துண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. மேலே சென்னை வாசகருக்குச் சொன்னதை நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கே: எந்த லாட்ஜ் நல்லது? (சிங்கப்பூர்)

நீச்சல்குளத்தின் படத்தைப் பார்க்காதீர்கள். படகில் எத்தனை பேர், சிற்றாற்றில் மின்மோட்டார் போடுவார்களா, வழிகாட்டி உள்ளூர்க்காரரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம். பத்து பூத்தே கிராமத்தில் ஊர்மக்களே கூட்டுறவாக நடத்தும் தங்குமிடம் உண்டு. வசதி குறைவு, பணம் ஊருக்குள்ளேயே நிற்கும்.

கே: மலேரியா பயம் உண்டா? (திருநெல்வேலி)

உண்டு. சபாவில் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை இருக்கிறது. கிளம்ப ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், மாலையில் முழுக்கைச் சட்டை போடுங்கள். அட்டைக்கடிக்கு இவ்வளவு பயம் வேண்டாம், நீளமான அட்டைச் சாக்ஸ் போதும்.

கே: சார், போர்னியோ டூர் எவ்வளவு ஆகும்? (ஊர் எழுதவில்லை)

எத்தனை பேர், எத்தனை நாள், எங்கிருந்து? அதையும் எழுதவில்லையே.

கே: இரவுப் படகில் ஃபிளாஷ் போடலாமா? (சேலம்)

கூடாது. கிளையில் தூங்கும் மீன்கொத்தி மிரண்டு இருட்டில் பறந்தால் எங்கே மோதும் என்று சொல்ல முடியாது. வழிகாட்டியின் விளக்கையும் ஒரே பறவை மேல் நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். அவரையும் விரட்டாதீர்கள்.

கே: கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கான் உள்நாட்டு விமானம்தானே, பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் போட்டுவிடலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.