ஃபிலிம் நுவார் போஸ்டர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: நுவார் படங்களின், அதாவது 1940-50களின் இருண்ட ஹாலிவுட் குற்றப் படங்களின், மனநிலையை அப்படியே பிடித்த ஒரே ஒரு போஸ்டர் என்றால் எதைச் சொல்வீர்கள் சார்?

பதில்: 1947-இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ வெளியிட்ட 'அவுட் ஆஃப் த பாஸ்ட்'. வரைந்தவர் வில்லியம் ரோஸ். வாயில் சிகரெட்டோடு ராபர்ட் மிட்சம், கூடவே ஜேன் கிரீர். மிட்சமின் அந்தச் சொக்கின கண்ணைப் பாருங்கள். தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று இந்த ஆளுக்கு முன்பே தெரியும், தெரிந்தேதான் போய் மாட்டிக்கொள்கிறான். மொத்தப் படமும் அந்த முகத்தில் இருக்கிறது.

கேள்வி: படங்கள் கறுப்பு வெள்ளை. போஸ்டர்கள் மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பும் மஞ்சளும்?

பதில்: தெருவில் போகிறவனை நிறுத்த வேண்டுமே! இன்னொன்று, அன்றைய ஹாலிவுட்டில் யாரும் 'நுவார் படம் எடுக்கிறோம்' என்று நினைக்கவில்லை. 1946-இல் நினோ ஃபிராங்க் போன்ற பிரெஞ்சு விமர்சகர்கள்தான் அந்தப் பெயரைப் புழங்கினார்கள். ஸ்டுடியோவுக்கு அவை குற்றப் படம், மெலோடிராமா, அவ்வளவுதான். ஓவியரிடம் நாலு ஸ்டில்லைக் கொடுத்து, நாயகி பெரிதாக வேண்டும், துப்பாக்கி தெரிய வேண்டும் என்பார்கள். படத்தையே பார்க்காமல் வரைந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் கையெழுத்துப் போடவும் விடமாட்டார்கள்.

இதன் விளைவைப் பார்க்க 1941-இன் 'த மால்டீஸ் ஃபால்கன்' போதும். போஸ்டரில் நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு நிற்பார், வெடிக்கும் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு வாசகம் வேறு. படத்தில் அதே ஆள், தனக்குத் துப்பாக்கி அவ்வளவாகப் பிடிக்காது என்கிறார்! அதனால் நல்ல நுவார் போஸ்டரைத் தேடும்போது நான் வண்ணத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்றுதான் பார்ப்பேன். முகத்தில் பாதி இருட்டில் இருந்தால், பின்னணி எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் அந்தக் கலக்கம் வந்துவிடும்.

கேள்வி: அண்ணா, 'கில்டா' போஸ்டரை எல்லோரும் தேவைக்கு மேல் கொண்டாடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பா?

பதில்: பாதி சரி. 1946 படம் அது. ரீட்டா ஹேவொர்த்தை அந்தப் படத்துக்காக ராபர்ட் கோபர்ன் எடுத்த புகைப்படங்கள், ழான் லூயி வடிவமைத்த தோள்பட்டி இல்லாத கறுப்பு உடை, சிகரெட் புகை. அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் இருப்பது கிறக்கம், பயம் இல்லை. இத்தாலியில் அன்செல்மோ பல்லெஸ்தர் ரீட்டாவைத் தூரிகையால் வரைந்ததைத் தேடிப் பாருங்கள். அமெரிக்க ஸ்டுடியோவின் பளபளப்பு போய், அந்தப் பெண் உண்மையிலேயே ஆபத்தானவளாகத் தெரிவாள். எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

கேள்வி: 'டபுள் இன்டெம்னிட்டி'யை ஏன் எந்தப் பட்டியலிலும் நீங்கள் சேர்ப்பதில்லை?

பதில்: படம் உச்சம், போஸ்டர் சுமார். 'சந்தித்த கணத்திலிருந்தே அது கொலை' என்கிற பொருளில் வரும் வாசகம் மட்டும் பிரமாதம். அதை எடுத்துவிட்டால் ஏதோ காதல் படம் என்று நினைத்துக்கொள்வோம்.

கேள்வி: ஒருவர் 1940-களின் ஒரிஜினல் என்று சொல்லி விற்கிறார். எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் அளக்கும் டேப்பை எடுங்கள். அந்தக் கால அமெரிக்க 'ஒன் ஷீட்', அதாவது வழக்கமான தியேட்டர் போஸ்டர், 27-க்கு 41 அங்குலம். 24-க்கு 36 என்றால் அது பிற்காலத்தில் அலங்காரத்துக்கு அச்சடித்தது. அப்புறம் மடிப்பு. அந்தக் காலத்தில் தியேட்டருக்கு மடித்துத்தான் அனுப்புவார்கள். மடிப்பே இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படலாம், லினன் துணியில் ஒட்டிச் சீர்செய்ததா என்றும் கேளுங்கள். 1940 முதல் தியேட்டர்களுக்குப் போஸ்டர் அனுப்பிய நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் விநியோகித்தவற்றில் கீழ் ஓரத்தில் ஓர் எண் இருக்கும். 47/ என்று தொடங்கினால் 1947 வெளியீடு. முன்னால் ஆங்கில 'R' எழுத்து இருந்தால் மறுவெளியீடு, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். எல்லா ஸ்டுடியோவும் எல்லா வருடமும் அவர்கள் வழியாகப் போகவில்லை, எனவே எண் இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று ஒதுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு பூதக்கண்ணாடி. எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். ஒரிஜினலில் எழுத்து கெட்டியான மையாக இருக்கும். போஸ்டரைப் படம் பிடித்துத் திரும்ப அச்சடித்தால் எழுத்திலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். விற்பவர் கண்ணாடி வைக்க விடவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: அவ்வளவு பணம் இல்லை சார். வேறு வழி?

பதில்: லாபி கார்டு, அதாவது தியேட்டர் முகப்பில் வைத்த சின்ன விளம்பர அட்டை. 11-க்கு 14 அங்குலம், வழக்கமாக எட்டு அட்டை கொண்ட செட். முதல் அட்டையில் பெயர், மற்றவற்றில் காட்சிகள். நட்சத்திரம் இல்லாத காட்சி அட்டைகள் மலிவாகக் கிடைக்கும். ஜன்னல் பட்டைகளின் நிழல் விழுந்த அறையோ ஈரத் தெருவோ அமைந்தால் விடாதீர்கள்.

கேள்வி: மாட்டும்போது?

பதில்: வெயில் படாத சுவர், புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி. செல்லோடேப் கூடவே கூடாது.