உப்பு எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜெய்சல்மேர் பக்கம் ஒரு பண்ணையில் வேலை. இரண்டு போர்வெல்லுக்கும் இடையே 400 மீட்டர்தான் தூரம். ஒன்றில் டி.டி.எஸ். (லிட்டர் நீரில் கரைந்த உப்பு, மில்லிகிராமில்) 900, மற்றதில் 4,200. வெயில் சுண்டவைத்துதான் உப்பாகியதா? ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) சோதனையில் இது தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது; உப்புக் கணக்கும் கூடவே வேண்டும்.

தண்ணீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு போகும். ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) உள்ள கனமானவை பின்தங்கும். உலக மழைநீரை வரைபடத்தில் புள்ளிவைத்தால், டியூட்டீரியம் = 8 × ஆக்சிஜன்-18 + 10 என்ற கோட்டை ஒட்டி விழும் (இரண்டும் கடல்நீரைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறைய என்ற அளவுகள்). 1961-இல் புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் காட்டிய கோடு இது. திறந்த வெளியில் ஆவியான தண்ணீர் இந்தக் கோட்டைவிட்டு விலகி, 4 அல்லது 5 சாய்வில் வலப்பக்கம் நகரும்.

உங்கள் உப்புக் கிணற்றின் புள்ளி அப்படி விலகியிருந்தால் வெயில்தான் காரணம். உப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடியும் புள்ளி நல்ல தண்ணீரின் பக்கத்திலேயே நின்றால், வெயிலை விட்டுவிடுங்கள். அப்போது இரண்டு பேர் மேல் சந்தேகம் வரும். ஒன்று, மண்ணிலோ பாறையிலோ கிடக்கும் பழைய உப்பு கரைந்திருக்கலாம். மற்றது, மரம். வேர் உறிஞ்சும்போது கனமான நீர், லேசான நீர் என்று பிரிக்காது; உப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் இதை மறக்கக் கூடாது.

இந்த இரண்டையும் பிரித்தறிய குளோரைடு–புரோமைடு எடை விகிதம் உதவும். கடல்நீரில் அது சுமார் 290. வேர் உறிஞ்சினாலும் வெயில் காய்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே கூடுவதால் விகிதம் அதிகம் மாறாது. கல்லுப்பில் (பாறையாகப் படிந்த உப்பில்) புரோமைடு மிகக் குறைவு. அது கரைந்தால் விகிதம் ஆயிரக்கணக்கில் ஏறும். புரோமைடு அளக்க ஆய்வகம் கிடைக்காவிட்டால் சோடியத்தின் மி.கி. அளவை 23-ஆலும் குளோரைடை 35.5-ஆலும் (அவற்றின் அணு எடைகள்) வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் கல்லுப்பு என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். களிமண் சோடியத்தை மாற்றிப்போடும் என்பதால் இது உறுதியான சாட்சி அல்ல.

கேள்வி: மாதிரியை எப்படி எடுப்பது? போன தடவை குளிர்பான பாட்டிலில் அனுப்பினோம். ‘அயனிச் சமநிலை (கரைந்த உப்புகளின் நேர், எதிர் மின்னூட்டக் கணக்கு) வரவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள்.

பதில்: வராதுதான். முதலில், குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்ற வேண்டும். 6 அங்குலக் குழாயில் 50 மீட்டர் நீர் நின்றால் சுமார் 900 லிட்டர். அதைப்போல் மும்மடங்கு, அதாவது 2,700 லிட்டர் போகட்டும். நொடிக்கு 3 லிட்டர் தரும் மோட்டாருக்கு 15 நிமிடம். வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துத்திறன் மூன்றும் அசையாமல் நின்ற பிறகே பாட்டிலைப் பிடியுங்கள். தொட்டியில் பிடிக்காதீர்கள்.

பி.எச்.சையும் காரத்தன்மையையும் கிணற்றடியிலேயே அளந்துவிடுங்கள். கரியமில வாயு வெளியேறினால் பி.எச். ஏறும், சுண்ணாம்பு பாட்டில் சுவரில் படியும். ஆய்வகத்துக்குக் கால்சியம் குறைவாகத்தான் போய்ச் சேரும். உங்கள் கணக்கு இடித்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சோடியம், கால்சியம் வகைக்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தூய நைட்ரிக் அமிலம் சொட்டி பி.எச்.சை 2-க்குக் கீழே இறக்குங்கள். குளோரைடு, சல்பேட்டுக்கு வேறு பாட்டில். அதில் அமிலம் கூடாது. நேர், எதிர் அயனிகளின் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நம்பலாம்.

ஐசோடோப்புக்கு 50 மில்லி போதும். அமிலம் வேண்டாம். காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். மூடி தளர்ந்தால் பாட்டிலுக்குள்ளேயே நீர் ஆவியாகி, அறிக்கையில் ‘வெயிலில் ஆவியான நீர்’ என்று வந்து நிற்கும்!

கேள்வி: எங்கள் தண்ணீர் பல ஆயிரம் ஆண்டு பழையது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முதலில் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) பாருங்கள். அதன் அரை ஆயுள் (சிதைந்து பாதியாகும் காலம்) 12.3 ஆண்டு. அளவிடும்படி இருந்தால் அண்மைக் கால மழை கலந்திருக்கிறது. இல்லையென்றால் கார்பன்-14; இதுவும் சிதையும், அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுண்ணாம்புப் பாறையில் கார்பன்-14 இல்லாததால் இங்கே ஏமாற வாய்ப்பு அதிகம். நீரின் கார்பனில் பாதி பாறையிலிருந்து வந்திருந்தால், நேற்றைய தண்ணீருக்கும் 5,730 வயது வரும். கார்பன்-13 (சிதையாத கார்பன் வகை) கொண்டு திருத்தாத வயதை ஏற்காதீர்கள். இரண்டு நீர்த்தாரைகள் ஒரே குழாயில் சேரும் கிணற்றில் கிடைக்கும் ‘வயது’ வெறும் சராசரி.

உண்மையிலேயே மிகப் பழைய நீர் உண்டு. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் நூபிய மணற்கல் நீரை கிரிப்டான்-81 (மிக மெதுவாகச் சிதையும் கதிரியக்க வாயு) கொண்டு அளந்ததில் 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டுவரை வந்தது. அதன் ஆக்சிஜன்-18 மைனஸ் 10-ஐ ஒட்டியது. இன்றைய மழையிலிருந்து வெகுதூரம் விலகியது.

கேள்வி: ஆண்டுக்கு எவ்வளவு ஊறுகிறது என்று மலிவாகக் கணிக்க வழி?

பதில்: குளோரைடுக் கணக்கு. மழையளவை மழைநீரின் குளோரைடால் பெருக்கி, நிலத்தடி நீரின் குளோரைடால் வகுக்கவும். 200 மி.மீ. மழை, அதில் லிட்டருக்கு 5 மி.கி., கிணற்றில் 200 மி.கி. என்று வைத்தால் விடை 5 மி.மீ. ஏக்கருக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். நொடிக்கு 3 லிட்டர் மோட்டார் அதை இரண்டு மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். குளோரைடு மழையிலும் தூசியிலும் மட்டுமே வந்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஆகவே 4,200 கிணற்றை விட்டு, 900 கிணற்றில் போட்டுப் பாருங்கள்.