டிராம் பணிமனையின் தலைமேல் ஒரு கூட்டு வீடு: கேள்வி பதில்

சூரிச் நகரத்து கால்க்பிரைட்டெ குடியிருப்பைப் பற்றி எழுதியதும் நிறையக் கேள்விகள் வந்தன. டிராம் பணிமனைக்கு மேலே கட்டி, 2014இல் ஆட்கள் குடியேறிய கூட்டுறவுக் கட்டடம் அது. வீடுகள், கடைகள், அலுவலகங்கள், சினிமா எல்லாம் ஒரே இடத்தில். நான் இதே ஊரில் வேறொரு கூட்டுறவுக் குடியிருப்பில் இருக்கிறேன்.

அக்கா, சுமார் 250 பேர் இருக்கிற கட்டடத்தில் யாருக்கு யாரைத் தெரியும்?

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிய வேண்டியதில்லை. அங்கே கட்டடத்துக்குள்ளேயே சிறு வட்டங்கள் வைத்தார்கள். சில இடங்களில், ஒருவர் இருவருக்கான குட்டி வீடுகள் ஒரு பொதுக் கூடத்தைச் சுற்றி இருக்கும். இன்னொரு பக்கம் ஏறக்குறைய 50 பேர் ஒரு பெரிய சமையலறையைப் பகிர்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சமைக்கிறார்கள்.

எதற்குச் சம்பள ஆள்? முறைவைத்துச் சமைத்தால் ஆகாதா?

என் குடியிருப்பில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சமையலறைக் கரும்பலகையில் ஏழு கட்டம் போட்டு, கட்டத்துக்கு இரண்டு பெயர். முதல் குளிர்காலம் முடிவதற்குள் நான்கே பெயர்கள்தான் மாறி மாறி வந்தன. வியாழக்கிழமைக் கட்டத்தில் அழித்து அழித்து எழுதி, சாக்பீஸ் தடம் வெள்ளையாகப் படிந்தே போனது. ஒரு நாள் மருத்துவமனை வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண், காலிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த கூட்டத்திலேயே ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று போட்டு, சமைக்க ஆள் வைத்தோம். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் இன்றும் எங்கள் முறைதான். தினமும் தவறாமல் நடக்க வேண்டிய வேலையை நல்ல மனதை மட்டும் நம்பி விடாதீர்கள். காசு கொடுங்கள்.

கீழே சினிமாவும் கடையும் இருந்தால் அந்நியர் நடமாட்டம் தொல்லை இல்லையா?

எது ஊருக்கு, எது வீட்டுக்கு என்று தெளிவாக இருந்தால் தொல்லை குறைவு. டிராம் கூடத்தின் கூரைதான் அங்கே முற்றம். தெருவிலிருந்து படியேறி யாரும் வரலாம். அதற்கு மேலே உள்ள மாடிகள் குடியிருப்பவர்களுக்கு. என்னைக் கேட்டால், இரவில் கீழே வெளிச்சமும் ஆட்களும் இருப்பது நிம்மதி.

பிள்ளை வளர்ந்து தனி அறை கேட்டால் என்ன செய்வது, அக்கா?

அதற்கென்றே 'ஜோக்கர்' அறைகள் உண்டு. சமையலறை இருக்காது. வளர்ந்த பிள்ளைக்கோ வயதான அம்மாவுக்கோ தேவைப்படும் காலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆளுக்குச் சுமார் 33 சதுர மீட்டரோடு அவர்களால் சமாளிக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார் எங்கே நிறுத்துகிறார்கள்?

கார் கிடையாது. வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் குடிவருகிறார்கள். வாசலிலேயே டிராம்!

நிலம் வாங்கவே எவ்வளவு ஆகியிருக்கும்?

வாங்கவில்லை. நகராட்சி நிலம், நீண்ட காலக் குத்தகை. கூட்டுறவுச் சங்கம் 2007இல் தொடங்கியது. குடியேற ஏழு வருடம். அந்த ஏழு வருடக் கூட்டங்களை வீண் என்று நினைக்காதீர்கள். சண்டை போட்டுவிட்டு மறுநாள் சேர்ந்து உட்காரப் பழகுவது அங்கேதான்.

வெளியேறினால் நாம் போட்ட பங்குத்தொகை திரும்பக் கிடைக்குமா?

இங்குள்ள கூட்டுறவுகளில் பொதுவாகக் கிடைக்கும். ஆனால் போட்ட தொகைதான். ஊரில் நிலத்தின் விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் அதில் நமக்குப் பங்கில்லை. அதனால்தான் நமக்கு அடுத்து வருபவருக்கும் வாடகை கட்டுப்படியாகிறது.